ரோசாலியின் உப்புக் குழம்பு

நான் வேலை பார்த்த பள்ளியில் அடுப்பறையை இடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் அறை கட்டப்போகிறார்களாம். அதையொட்டி ஒரு மலர் வெளியிடுகிறார்கள். இப்போது அங்கே இருக்கும் இளைய ஆசிரியை ஒருத்தி என் வீடு தேடி வந்தாள். "பிள்ளைகளை வீட்டுல சமைக்கத் தூண்டுறது எப்படின்னு நாலு பக்கம் எழுதித் தாங்க டீச்சர். நீங்க பெருமைப்படுற ஒரு மாணவியைப் பத்தியும் எழுதுங்க" என்று கேட்டுவிட்டு, நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனாள்.

எழுதுகிறேன். ஆனால் நான் பெருமைப்படும் மாணவிக்குச் சமையலில் நான் போட்ட மார்க் பத்துக்கு இரண்டு. அதையும் ஒரு நாள் இரண்டு நாள் போடவில்லை, இரண்டு வருடத்துக்கு மேல் விடாமல் போட்டேன். எல்லாம் பொய் மார்க். இதை அச்சில் ஏற்றுவதா வேண்டாமா என்பது மலர்க்குழுவின் பாடு. ரோசாலியிடம் மட்டும் அனுமதி கேட்டேன். "அப்பா போய்ச் சேர்ந்தாச்சு டீச்சர். இனி யாருக்குப் பயம்? எழுதுங்க" என்றாள்.

முதலில் என்னைப் பற்றி. நான் ஸ்ரீவைகுண்டத்துப் பெண். கோவில் தெருவில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வீட்டிலும் பூண்டுக்கே இடம் கிடையாது, மீனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மனையியல் பயிற்சி இரண்டு வருடம். வெள்ளை சாஸ் கிண்டவும், மேசைத் துண்டை அன்னப்பறவையாக மடிக்கவும் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் தந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை தூத்துக்குடியில் ஒருவர்கூட என்னிடம் அன்னப்பறவை கேட்கவில்லை.

எங்கள் தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். கடற்கரைக் குடும்பத்து அம்மாள். சமையலறையைக் குசினி என்றுதான் சொல்வார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு விஷயத்தைப் பார்க்க விரும்பவில்லை என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கண்ணாடி கையில் இருக்கும் வரை எதிரில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது என்று அர்த்தம். மறுபடி மாட்டிக்கொண்டால் விசாரணை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. புரியாத அந்த ஒரு வருடத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

பிள்ளைகள் வீட்டிலும் சமைத்துப் பழக வேண்டும் என்பதற்காக நான் ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். வாரம் ஒரு முறை ஒரு பதார்த்தம். தேதி, அளவு, பிடித்த நேரம், கடைசியில் 'வீட்டார் கருத்து' என்று ஒரு கட்டம், அதன் கீழ் அம்மாவோ அப்பாவோ கையெழுத்து. மாதக் கடைசியில் பெரிய டீச்சரும் நோட்டைப் பார்த்துச் சுருக்கொப்பம் போடுவார்.

முதல் பதார்த்தமாக, பாடப் புத்தகத்தில் இருந்தபடியே கேரட் சூப் வைக்கச் சொன்னேன். திங்கட்கிழமை நோட்டுகள் வந்தன. 'வீட்டார் கருத்து' கட்டத்தில் ஒரு தகப்பனார் எழுதியிருந்தார்: "இதைக் குடித்துவிட்டு வலை இழுக்க முடியாது." இன்னொரு வீட்டில், "யாருக்கும் காய்ச்சல் இல்லை, எதற்கு இது?" பெரிய டீச்சர் அத்தனை கட்டத்தையும் நிதானமாகப் படித்துவிட்டுக் கண்ணாடியோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர், கடலுக்குப் போயிட்டு வாரவனுக்குக் கேரட் சூப் குடுத்தா, நாளைக்கு அவனும் பள்ளிக்கூடத்துக்கு வருவான். படிக்க வரமாட்டான், ஒங்கள பாக்க வருவான்."

அடுத்த வாரமே உத்தரவை மாற்றினேன். அவரவர் வீட்டில் எதைச் சாப்பிடுகிறார்களோ அதைச் சமைக்கலாம். வியாழக்கிழமை காலையில் சமைத்து, ஒரு சின்ன டப்பாவில் மாதிரி கொண்டுவர வேண்டும்.

வியாழக்கிழமை வந்தது. என் மேசையில் இருபத்தெட்டு டப்பா. திறந்தால் சாளை, நெத்திலி, பாறை, நண்டு. வாசல்படியில் நான்கு பூனை. மார்க் போட வேண்டிய நானோ மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறேன். ஒருத்தி பவ்யமாகக் கரண்டியை நீட்டி, "ருசி பாருங்க டீச்சர்" என்கிறாள். கழுவுற மீனில் நழுவுற மீனாகத்தான் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது, அன்றைக்கு எப்படியோ தப்பினேன்.

காப்பாற்றியவள் பள்ளி ஆயா சூசையம்மா. அடுப்புப் பற்றவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அவள் வேலை. அன்றிலிருந்து ருசி பார்ப்பதும் அவள் வேலையாயிற்று. டப்பா டப்பாவாக விரலை விட்டு நக்கித் தீர்ப்புச் சொல்வாள். "புளி பச்சையா நிக்கி, அஞ்சு போடுங்க." "இது வாயில வைக்க வெளங்கல, மூணு." நான் அதைப் பாடப் புத்தகத் தமிழில் பெயர்த்து, 'முன்னேற்றம் தேவை' என்று எழுதுவேன். ஒரு வியாழக்கிழமைகூட அவள் விடுப்பு எடுத்ததில்லை. காய்ச்சலோடும் வந்தாள்.

பிள்ளைகள் நோட்டில் பொய் சொல்வார்கள். அம்மா சமைத்ததைத் தான் சமைத்ததாக எழுதுவார்கள். நான் ஒரு விதி போட்டேன்: கறை இல்லாத நோட்டுக்கு மார்க் இல்லை. சமைத்தவள் கையில் மஞ்சளும் எண்ணெயும் இருக்குமல்லவா? அடுத்த வாரம் அத்தனை நோட்டிலும் மஞ்சள் வழிந்தது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. நிஜமான கறை பக்கத்தின் கீழ் மூலையில், புரட்டுகிற பெருவிரல் படும் இடத்தில் இருக்கும். பொய்க் கறை பக்கத்தின் நட்டநடுவில் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். இதை மட்டும் நான் வெளியே சொல்லவில்லை.

ரோசாலியின் நோட்டில் எல்லாக் கறையும் மூலையில்தான் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு. ஒல்லிப் பிள்ளை, கணக்கில் புலி. அவள் டப்பாவை மட்டும் சூசையம்மா விரலால் நக்குவதில்லை. சோறு கொண்டுவந்து பிசைந்து தின்பாள். தின்று முடித்து, "டீச்சர், பத்துக்கு மேல மார்க் கெடையாதா?" என்பாள். நானும் வாரா வாரம் பத்துக்குப் பத்து போட்டு, 'மிக நன்று' என்று அடிக்கோடும் இட்டேன்.

அந்த அடிக்கோடுதான் வினையாயிற்று. காலாண்டுப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும். ரோசாலியின் அப்பா சந்தியாகு, வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பெரிய டீச்சர் அறைக்கு வந்தார். கையில் அந்த நோட்டு. என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

"கோவிச்சுக்கிடாதீய டீச்சர். பிள்ளைய காலாண்டோட நிப்பாட்டிக்கிடுதோம். எம் பொண்டாட்டிக்கு எறால் கம்பெனியில முழுநாள் வேல தாராங்க. இப்பம் அரைநாள்தான் போறா. வீட்டுல பொங்கிப்போட ஆள் வேணும்லா?"

"பிள்ளை நல்லாப் படிக்குது" என்றேன்.

"படிச்சது போதும். நீங்களே எழுதியிருக்கீயளே, பத்துக்குப் பத்துன்னு. கோடு வேற போட்டிருக்கீய. இதுக்கு மேல இங்க என்னத்தப் படிக்கப் போறா? படிச்சு முடிச்சிட்டால்லா!"

என் கையெழுத்தை விரித்து என் முன்னாலேயே வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் சமைக்கக் கற்றால் நல்லது என்று நம்பி நான் கொடுத்த மார்க், ஒரு பிள்ளையைப் பள்ளியைவிட்டு அனுப்பும் சீட்டாகப் போய்விட்டது. பெரிய டீச்சர் காலாண்டு வரை பார்க்கலாம் என்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். அதுவரை தினமும் ராத்திரிச் சாப்பாட்டை ரோசாலிதான் சமைக்க வேண்டும், பழக்கமாகட்டும் என்று சொல்லிவிட்டுச் சந்தியாகு கிளம்பினார்.

அடுப்பறையில் ரோசாலி அம்மிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "நான் நிக்க மாட்டேன் டீச்சர். எஸ்.எஸ்.எல்.சி. எழுதணும் டீச்சர். என்னய எப்படியாவது இங்க வச்சுக்கிடுங்க."

எனக்கு என்ன தோன்றிற்றோ, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"ஏளா, ஒனக்குக் கெட்டதா சமைக்கத் தெரியுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கணக்கில் புலி என்று சொன்னேனே, ஒரு நொடியில் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கு அது வரவில்லை. எப்படிச் சமைத்தாலும் நன்றாகத்தான் வந்தது. ஆகவே மூன்று நாள் மதிய இடைவேளையில் அவளுக்குத் தனிப் பாடம் நடத்தினேன். சமையலைக் கெடுப்பதிலும் ஒரு அளவு இருக்கிறது. கொட்டிவிடும்படி கெடுக்கக் கூடாது, அது பாவம். தின்னவும் முடியாமல் கொட்டவும் மனம் வராமல் இருக்க வேண்டும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், அதனால் உப்பைக் குறைக்காதே, கூட்டு. உப்பளத்து ஊரில் அதற்கா பஞ்சம்? திங்கள் உப்பு, செவ்வாய் புளி, புதன் குழைந்த சோறு என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த பாடக்குறிப்பு அதுதான். பாடக்குறிப்பேட்டில் ஒட்ட முடியவில்லை என்பது ஒன்றுதான் குறை.

கடலில் உழைத்துவிட்டு வரும் மனுஷனின் தட்டில் விளையாடுகிறோமே என்று உறுத்தாமல் இல்லை. மூன்று நாள் எனக்கும் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் இறங்கிற்று.

நோட்டில் மார்க் பத்திலிருந்து ஆறு, ஆறிலிருந்து நான்கு, நான்கிலிருந்து இரண்டு என்று இறங்கிற்று. 'கவனம் சிதறுகிறது' என்று எழுதி, அதற்கும் அடிக்கோடு இட்டேன். சூசையம்மாவிடம் சொல்லவில்லை; டப்பாவில் வருவது உப்பைக் கூட்டுமுன் எடுத்துவைத்த நல்ல குழம்புதான், அவள் பத்து என்பாள், நான் இரண்டு எழுதுவேன். அவளிடம் சொல்வதும் மீன் சந்தையில் மணி அடிப்பதும் ஒன்று. மாதக் கடைசியில் பெரிய டீச்சர் மார்க்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தடவித் தடவிச் சுருக்கொப்பம் போட்டார்.

காலாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் சந்தியாகு வந்தார். இந்த முறை சட்டைகூட வெளுக்கவில்லை. வாசலிலிருந்தே சத்தம்.

"என்ன பள்ளிக்கூடம் நடத்துதீய? நல்லா சமைச்சிக்கிட்டு இருந்த பிள்ள! பத்துல இருந்து ரெண்டுக்கு வந்திருக்கா! நேத்து வச்ச குழம்புக்கு நான் அஞ்சு செம்பு தண்ணி குடிச்சேன்!"

"நாங்க என்ன செய்ய முடியும்?" என்றேன், முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு வைத்துக்கொண்டு.

"என்ன செய்யவா? கெடுத்தவங்கதான் சரிபண்ணணும். இந்த லெச்சணத்துல இவள வீட்டுல வச்சு நான் என்ன செய்ய? எவன் கட்டுவான்? சமைக்கப் படிக்கித வரைக்கும் இங்கனயே கெடக்கட்டும்!"

அவர் போன பிறகு பெரிய டீச்சர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். தோள் குலுங்கியது. இருமல் என்று சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தது என் திட்டத்தில் இல்லாதது. ரோசாலிக்கு இரண்டு தம்பிகள். மூத்தவன் ராயப்பனுக்குப் பதின்மூன்று வயது, வயிற்றில் எப்போதும் அடுப்பு எரியும். ஒரு மாதம் உப்புக் குழம்பு தின்றவன் ஒரு நாள், "நீ எந்திரி, நான் வைக்கேன்" என்று அக்காவைத் தள்ளிவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டான். அவள் கணக்கு நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, "நான் போடுததுல பாதி உப்புப் போடு, நான் வைக்குததுல பாதி நேரம் வை" என்று வழி சொன்னாளாம். சின்னவன் தேங்காய் துருவினான். இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் பொங்கினார்கள், அம்மா பிலோமி முழுநாள் வேலைக்குப் போனாள், ரோசாலி கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் முறை. அன்றைக்குத்தான் உப்பு.

இளைய ஆசிரியை கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். பிள்ளைகளைச் சமைக்கத் தூண்ட வேண்டுமா? வீட்டில் மோசமாகச் சமைக்கிற ஒரு ஆளை உட்கார வையுங்கள். நானும் முப்பது வருடம் விளக்கப்படம் ஒட்டிப் பார்த்தவள்தான்.

வருடக் கடைசியில் பெற்றோர் தினம் வந்தது. அடுப்பறைக்கு முன்னால் மேசை போட்டு, பிள்ளைகள் சமைத்ததைப் பெற்றோருக்குப் பரிமாறுவது வழக்கம். ரோசாலிக்கு நான் கேரட் சூப் ஒதுக்கினேன். அதை எவ்வளவு நன்றாக வைத்தாலும் யாரும் பாராட்ட மாட்டார்கள் என்பது எனக்குத்தான் தெரியுமே.

ஆனால் அவள் பக்கத்து அடுப்பில் ஒருத்தி சாளைக் குழம்பை அடிப்பிடிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். நான் மாலை வாங்கப் போயிருந்த அரை மணி நேரத்தில் ரோசாலி சும்மா இருக்க முடியாமல் அங்கே கையை வைத்துவிட்டாள். பிறகு கேட்டபோது, "நல்ல மீன் டீச்சர். பாவம்" என்றாள்.

நான் திரும்பியபோது சந்தியாகு மேசை முன்னால் நின்று தட்டை வழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிலோமி. பெரிய டீச்சர் எதிரில்.

"யாரு வச்ச குழம்பு இது?" என்று கேட்டார் சந்தியாகு.

"வேற யாரு? ஒங்க மவ கைதான்!" என்றாள் சூசையம்மா, பெருமையோடு. "வாரா வாரம் நான்லா திங்கேன்!"

என் கையிலிருந்த மாலை கீழே விழுந்தது. சந்தியாகு தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாகக் கணக்குப் போடுகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ரோசாலி மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கணக்கு மட்டும் அவருக்குச் சரியாக வந்துவிட்டால் அவள் நாளைக்குப் பள்ளியில் இருக்க மாட்டாள்.

அப்போது பிலோமி முன்னால் வந்தாள். "அது நான் வச்சது. வீட்டுல இருந்து தூக்குச்சட்டியில கொண்டாந்து சட்டியில ஊத்துனேன். பிள்ளைக்கு நாலு மார்க் விழட்டுமேன்னு."

அத்தனை பெற்றோர் முன்னால், செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டு தலை குனிந்து நின்றாள். சூசையம்மா வாயைத் திறந்தாள். பெரிய டீச்சர் ஒரே ஒரு பார்வை பார்த்தார், அது மூடிக்கொண்டது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்டுல இருந்து கொண்டாந்தா மார்க் கெடையாதும்மா. அந்தப் பிள்ளைக்கு வழக்கம்போல ரெண்டுதான். டீச்சர், எழுதிக்கிடுங்க."

சந்தியாகுவுக்கு முகம் தெளிந்தது. "அதானே பாத்தேன்! பிலோமி கை எனக்குத் தெரியாதா? இவளுக்காவது இப்படி வைக்க வாரதாவது!" என்று சிரித்துவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு குழாயடியில் பிலோமி சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் தோல் கழன்றிருந்தது.  "ஒங்களுக்கு எப்பம் தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும் டீச்சர். அவ குழம்பு வச்சுட்டு அங்கிட்டுப் போனா. நான் ருசி பாத்தேன். பிள்ளைக்குக் கெடுக்க மனசு வரல போல, அரைக்கரண்டிதான் கூடப் போட்டிருந்தா. அவ அப்பனுக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. கடல்தண்ணி குடிச்ச நாக்கு." சட்டியைக் கவிழ்த்தாள். "அதான் நான் ஒரு கை அள்ளிப் போட்டேன். அன்னையில இருந்து நான்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள். ஊரில் யாருக்கும் தெரியாமல் நான் நடத்துவதாக நினைத்த நாடகத்தில் சட்டியில் கை வைத்துக்கொண்டிருந்தது இந்த அம்மாள். நான் வேடிக்கையாகவே கேட்டேன்: "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

சட்டியைத் துடைத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் அஞ்சாம் வகுப்புலயே நல்லா சமைச்சிட்டேன் டீச்சர்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. 

ரோசாலி அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.யான பதினொன்றாம் வகுப்பு முடித்து, தட்டெழுத்துப் படித்து, துறைமுகத்தில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குப் போனாள். ராயப்பன் கப்பலில் சமையல்காரனாகப் போனான். சந்தியாகு கடைசிவரை மகளுக்குச் சமைக்கத் தெரியாது என்றே நம்பியிருந்தார். அவர் அவள் வீட்டுக்கு வரும் நாட்களில் மட்டும் ஞாபகமாக உப்பைக் கூட்டிப் போடுவாளாம்.

பெற்றோர் தினத்துக்கு மறுவாரம் நான் ரோசாலியின் நோட்டைத் திருத்தினேன். கீழ் மூலையில் மஞ்சள் கறை. இந்த முறை அது பெரிய விரலாக இருந்தது. 'வீட்டார் கருத்து' கட்டத்தில் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில், "இன்னும் பழக வேண்டும்" என்று எழுதிப் பிலோமி கையெழுத்துப் போட்டிருந்தாள். நான் ரோசாலியின் சமையலுக்கு வழக்கம்போல இரண்டு போட்டேன். பிறகு பிலோமியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் பத்துக்குப் பத்து என்று எழுதி அடிக்கோடு இட்டேன்.

மாதக் கடைசியில் அந்தப் பக்கம் பெரிய டீச்சரிடம் போயிற்று. கழற்றுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியை இன்னும் நன்றாக மூக்கில் ஏற்றிக்கொண்டு, அந்தப் பத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சுருக்கொப்பம் அல்ல, முழுப் பெயரும்.